மகளுக்கு லேப்டாப்: லேமிங்டன் ரோடு தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வரப்போகும் முதல் லேப்டாப் இது. கையில் 38,000 ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் முடியாது.

போன சனிக்கிழமை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு முழுக்க ஏறி இறங்கினோம். ஒரு கடையில் பழைய திங்க்பேட் லேப்டாப் ஒன்றை 16,000-க்குக் காட்டினார்கள். கீபோர்டைத் தட்டிப் பார்த்ததுமே மகளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்தது இன்டெல் 7-ஆம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. கடைக்காரர், "அதெல்லாம் ஓடும், எடுத்துட்டுப் போங்க" என்றார். நான்கு வருடம் அவள் படிக்க வேண்டிய சாமான். மனசு ஒப்பவில்லை, திரும்பிவிட்டோம்.

புதிதாக வாங்கலாம் என்றால், இந்த விலையில் பார்த்தவற்றில் 8 ஜிபி ரேம்தான். சிலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு 16 ஆக்க வழியில்லை.

இப்போது என் கேள்வி: புதிதா, 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள பழையதா? பழையது என்றால் பேட்டரி தேய்ந்திருப்பதைக் கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், ஜிஎஸ்டி பில்லும் வாரன்டியும் எழுதித் தருகிற கடை தெரிந்தால் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை மறுபடி போகிறோம், விவரம் தெரிந்தவர் யாராவது கூட வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.