நான்காம் சிலுவைப் போர்: கான்ஸ்டான்டினோபிளை அழித்தது கடனா, பேராசையா?

கடலோடி:
சிலுவைப் போர் என்றால் எருசலேமுக்காகக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மோதியது என்றுதான் பள்ளியில் படித்தோம். 1204 ஏப்ரல் அந்தப் பாடத்துக்குள் அடங்காது. தோளில் சிலுவை தைத்துக்கொண்டு கிளம்பிய படை, கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய நகரமும் கிரேக்கர்களின் பைசாந்தியப் பேரரசின் தலைநகருமான கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) மூன்று நாள் கொள்ளையடித்தது. வெனிஸ் வியாபாரிகள் முன்பே தீட்டிய சதி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இது கடன் கதையாகத்தான் தெரிகிறது.

33,500 பேரை ஏற்றிச்செல்லக் கப்பலும் உணவும் தருகிறோம், கூலி 85,000 வெள்ளி மார்க் என்று 1201-ல் வெனிஸ் ஒப்பந்தம் போட்டது. அந்த வேலைக்காகத் தன் வழக்கமான வணிகத்தையே ஏறக்குறைய ஓராண்டு நிறுத்தி வைத்தது. 1202 கோடையில் வந்து சேர்ந்தவர்களோ மூன்றில் ஒரு பங்குதான். பிரபுக்கள் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுத்த பிறகும் 34,000 மார்க் பாக்கி. அப்புறம் நடந்ததெல்லாம் இந்தப் பாக்கியிலிருந்து கிளைத்ததுதான்.

நீலவேணி:
கடலோடி அண்ணா, கணக்கு சரி. ஆனால் கடன்பட்டவன் பக்கத்து வீட்டில் திருடினால், கடனைக் காட்டி அவனை விட்டுவிடுவோமா? தவணை தள்ளிப்போட வெனிஸ் கேட்ட விலை ஸாரா நகரம், இன்றைய குரோவேஷியாவில் இருக்கிறது. கத்தோலிக்க ஊர். அதற்குக் காவலாக இருந்த ஹங்கேரி அரசரும் சிலுவைப் போருக்குப் போவதாகச் சபதம் எடுத்தவர். தாக்கக் கூடாது என்று போப் மூன்றாம் இன்னசென்ட் கடிதமே அனுப்பியிருந்தார். மீறி 1202 நவம்பரில் பிடித்தார்கள்.

அந்தப் படைக்குள்ளேயே மறுத்தவர்கள் இருந்தார்கள். சைமன் டி மான்ட்ஃபோர்ட் விலகிப் போனார். (இதே சைமன் பிறகு தென் பிரான்சில் கத்தார்கள் (திருச்சபை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) மேல் நடத்திய போரை நினைத்தால் அவரைப் புகழ மனம் வராது. ஆனாலும் ஸாராவில் அவர் செய்தது சரி.) வெனிஸ் பக்கமே வராமல், மார்செய் துறைமுகத்திலிருந்து நேரே புனித பூமிக்குப் போனவர்களும் உண்டு. வேறு வழி இருந்தது.

கடலோடி:
அப்படி நேரே போனவர்களால்தானே பாக்கி விழுந்தது! அவர்களும் வெனிஸ் வந்திருந்தால் கூலியில் பெரும்பகுதி அடைந்திருக்கும்.

இன்னொன்று. இவர்களைக் கான்ஸ்டான்டினோபிளுக்கு அழைத்தவர் ஒரு கிரேக்க இளவரசர். பதவி பறிபோன பேரரசர் ஐசக்கின் மகன் அலெக்ஸியஸ். அரியணையை மீட்டுக் கொடுத்தால் 2,00,000 மார்க், 10,000 வீரர்கள், கூடவே கிரேக்கத் திருச்சபையை ரோமுக்குக் கீழ்ப்படுத்துவதாகவும் சொன்னார். 1203 ஜூலையில் காரியம் முடிந்தது. பணம் வரவில்லை. கோவில் படிமங்களின் வெள்ளியைக்கூட உருக்கிப் பார்த்தார், போதவில்லை. மக்கள் கொதித்தார்கள், அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுப் புதிய பேரரசர் வந்தார். மதிலுக்கு வெளியே பசியோடு நின்ற படை என்ன செய்யும்?

ஏட்டுப்பூச்சி:
இரண்டு பேரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வெறுப்பை விட்டுவிட்டீர்களே. 1171-ல் பேரரசர் மேனுவல் தன் நாட்டிலிருந்த வெனிஸ்காரர்களை ஒரே நாளில் கைது செய்து சொத்தையும் பறித்தார். 1182-ல் கான்ஸ்டான்டினோபிளில் குடியிருந்த லத்தீன் மக்களை, அதாவது மேற்கு ஐரோப்பியக் கத்தோலிக்கர்களை, கூட்டம் புகுந்து வெட்டியது, தப்பியவர்களில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டு என்பது மறக்கிற காலமா? அப்பனைப் பறிகொடுத்தவன் அப்போது நடுவயதில்தான் இருந்திருப்பான்.

நீலவேணி:
ஐயா சொல்வது உண்மை. ஆனால் 1182-ல் அதிகம் அடிபட்டவர்கள் ஜெனோவா, பீசா ஊர்க்காரர்கள். 1204-ல் மதிலேறியவர்கள் வெனிஸ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும்.

பசி என்கிறார் அண்ணா. 1204 மார்ச்சில், தாக்குதலுக்கு முன்பே, ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். வரப்போகும் லத்தீன் பேரரசருக்குக் கால் பங்கு, மிச்சத்தில் வெனிஸுக்குப் பாதி, மற்றவர்களுக்குப் பாதி. பசித்த படை சோற்றுக்காகச் சண்டை போடலாம், ஒரு பேரரசையே எட்டாகக் கூறுபோடுமா? கிரேக்கர்களைத் தாக்குவது பாவமல்ல என்று படையுடன் வந்த ஆயர்கள் பிரசங்கமும் செய்தார்கள். அப்புறம் ஹாகியா சோபியா ஆலயத்துக்குள் கொள்ளைப் பொருளை ஏற்றக் கோவேறு கழுதைகளை ஓட்டிப் போனார்கள். கண்ணால் பார்த்த கிரேக்க வரலாற்றாசிரியர் நிகேதாஸ் கோனியாதஸ், இவர்களைவிட முஸ்லிம்கள் இரக்கமுள்ளவர்கள் என்று எழுதினார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏட்டுப்பூச்சி:
1261-ல் கிரேக்கர்கள் நகரத்தை மீட்டார்கள், பழைய பலத்தை மீட்கவில்லை. 1453-ல் துருக்கியர் உள்ளே வந்ததற்கு விதை இதுதான்.

கடலோடி:
அதில் அவசரம் வேண்டாம் ஐயா. நடுவில் கொள்ளைநோய் வந்தது, பதினான்காம் நூற்றாண்டில் கிரேக்கர்களே உள்நாட்டுப் போர்களில் தங்களை அழித்துக்கொண்டார்கள்.

நீலவேணி:
படைபலத்தை விடுங்கள், மனதில் விழுந்த வெட்டைப் பாருங்கள். 1274-ல் லியோனிலும் 1439-ல் ஃபிளாரன்ஸிலும் இரண்டு சபைகளையும் இணைக்கக் கையெழுத்துப் போட்டார்கள். கிரேக்க மக்கள் இரண்டையும் ஏற்கவில்லை. 2001-ல் போப் இரண்டாம் ஜான் பால் ஏதென்ஸ் போனபோதும் அந்தச் சூறையாடலைக் குறிப்பிட்டு வருந்த வேண்டியிருந்தது. எட்டு நூற்றாண்டு ஆகியும்!

கடலோடி:
மார்ச் ஒப்பந்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை, நீலவேணி. பசி என்று நான் எழுதியது நிற்காது, திரும்பப் பெறுகிறேன். ஆனால் சதியைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. முதலிலிருந்தே நகரத்தின் மேல்தான் கண் என்றால், 1203 ஜூலையில் அலெக்ஸியஸை அரியணை ஏற்றிவிட்டு, பாக்கியைக் கேட்டுக்கொண்டு ஏன் மாதக்கணக்கில் வெளியே காத்திருந்தார்கள்?