டிவிஆருக்கு நிலையான ஐபி கொடுத்தும் கரண்ட் போய் வந்தால் முகவரி மோதுகிறது

மாடிப்படி_கேமரா கேட்டது:

கீழ்த்தளத்தில் ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டர் இருக்கிறது, முகவரி 192.168.1.1. மாடியில் தனியாக வாங்கிய வைஃபை ரவுட்டர், 192.168.0.1. கீழிருந்து போகும் கேபிள் மாடி ரவுட்டரின் வேன் (இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் செருகியிருக்கிறது.

கேமரா டிவிஆர் (பதிவுப் பெட்டி) கீழ் ரவுட்டரில் கேபிளில் இருக்கிறது. அதன் மெனுவில் நானே போட்டது: ஐபி 192.168.1.64, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் (சர்வரின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) காலி. கீழ் ரவுட்டரின் டிஎச்சிபி (சாதனங்களுக்குத் தானாக முகவரி தரும் வசதி) வரம்பு 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை. அதில் கை வைக்கவில்லை.

பிரச்சினை மூன்று:
1. கரண்ட் போய் வந்தால் சில நாள் டிவிஆர் திரையில் ஐபி மோதல் (ஒரே முகவரியில் இரண்டு சாதனம்) என்று வருகிறது. வீட்டில் மொத்தமே ஒன்பது சாதனம்தான். 64 வரைக்கும் எப்படிப் போகும்?
2. மாடி வைஃபையில் இருக்கும் பிரிண்டருக்கு 192.168.1.70 கொடுத்தேன். கீழிருந்தும் பிரிண்ட் போகவில்லை, மேலிருந்தும் போகவில்லை.
3. ரவுட்டரில் 8000 போர்ட்டை (வெளிக் கோரிக்கை வரும் வாசல் எண்) டிவிஆருக்குத் திருப்பிவிட்டும் வெளியே மொபைல் டேட்டாவில் கேமரா திறக்கவில்லை. ரவுட்டரின் வேன் பக்கத்தில் 100.72 என்று தொடங்கும் முகவரி தெரிகிறது. நிலையான ஐபி போட்ட பிறகும் ஏன் இப்படி?

கேபிள்முடிச்சு:

முதல் கேள்விக்கு. டிவிஆரில் நீங்கள் கையால் போட்ட முகவரி ரவுட்டருக்குத் தெரியாது. அதன் கணக்கில் 64 காலியாக இருக்கிறது. 2, 3, 4 என்று எல்லா ரவுட்டரும் வரிசையாகக் கொடுப்பதில்லை. பல ரவுட்டர்கள் சாதனத்தின் மேக் முகவரியை (நெட்வொர்க் அடையாள எண்ணை) வைத்துக் கணக்குப் போட்டு, வரம்பின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துத் தரும். அதனால் ஒன்பது சாதனம் இருக்கிற வீட்டிலும் 64 வெளியே போகலாம்.

கரண்ட் போய் வரும்போது மட்டும் வருவதற்கும் காரணம் இருக்கிறது. சில ரவுட்டர்கள் முகவரி தருவதற்கு முன் அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கும். டிவிஆர் ஹார்ட் டிஸ்க்கையெல்லாம் சரிபார்த்து எழுந்து வர நேரமாகும். அதற்குள் போன் வைஃபையில் ஒட்டிக்கொள்ளும். பதில் சொல்ல ஆள் இல்லாததால் 64 போனுக்குப் போய்விடும்.

உறுதி செய்ய: மோதல் வரும்போது டிவிஆரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கீழ் ரவுட்டரோடு இணைந்த லேப்டாப்பில் கமாண்ட் திரையைத் திறந்து 192.168.1.64 முகவரிக்கு பிங் (ஆள் இருக்கிறதா என்று கூப்பிடும் கட்டளை) கொடுங்கள், உடனே ‘ஏஆர்பி -ஏ’ (arp -a, எந்த ஐபி எந்த மேக்கிடம் என்ற பட்டியல்) கொடுங்கள். சில போன்கள் பிங்குக்குப் பதில் சொல்லாது, ஆனாலும் ஏஆர்பி பட்டியலில் மேக் முகவரி மாட்டிக்கொள்ளும். அந்த மேக்கில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் போன்தான். இப்போதைய போன்கள் வைஃபைக்கென்று உருவாக்கிக்கொள்ளும் போலி மேக் அப்படித்தான் இருக்கும். மாடி வைஃபையிலிருந்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அங்கே 64 பட்டியலுக்கே வராது.

தீர்வு: டிஎச்சிபி வரம்பை 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை சுருக்குங்கள். 101 முகவரி ஒரு வீட்டுக்குத் தாராளம். 2 முதல் 99 வரை கையால் போடுவதற்கென்று ஒதுங்கிவிடும். டிவிஆர் 64-லேயே இருக்கட்டும்.

சப்நெட்_சாவி:

பிரிண்டர் விஷயம் வேறு. உங்கள் வீட்டில் இரண்டு தனித்தனி நெட்வொர்க் ஓடுகிறது. மாடி வைஃபையில் எல்லாம் 192.168.0 வரிசை. அங்கே உட்கார்ந்திருக்கும் பிரிண்டருக்கு 192.168.1.70 கொடுத்தால், பக்கத்து லேப்டாப் அதைத் தன் நெட்வொர்க்கிலேயே தேடாது, வேன் வழியாகக் கீழே அனுப்பிவிடும். கீழே 70 என்று யாரும் இல்லை. கீழிருந்து தேடினாலும் அதே கதை.

மாடி ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோடு (தனி நெட்வொர்க் இல்லாமல் கீழ் நெட்வொர்க்கையே வைஃபையாக நீட்டும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை மாறக்கூடாது.

முதலில் வேன் கேபிளைக் கழற்றுங்கள். அது செருகியிருக்கும்போது லேன் (வீட்டு உள் நெட்வொர்க்) முகவரியை 192.168.1 வரிசைக்கு மாற்றினால் வேனும் லேனும் ஒரே வரிசை என்று ரவுட்டர் மறுக்கும், அல்லது தானாக வேறு முகவரிக்குத் தாவிவிடும். லேப்டாப்பை மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிளால் இணைத்து, லேன் ஐபியை 192.168.1.2 ஆக்கிச் சேமியுங்கள். புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஎச்சிபியை அணையுங்கள். இப்போது லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி வரலாம், முகவரி தர ஆள் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை ஒரு லேன் போர்ட்டில் செருகுங்கள். பழக்கதோஷத்தில் வேன் போர்ட்டில் செருகினால் இணையம் வராது.

பிரிண்டரைத் தானியங்கி முகவரிக்கு மாற்றி, கீழ் ரவுட்டரில் அதன் மேக்குக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். சில ரவுட்டர்கள் வரம்புக்குள் இருக்கும் எண்ணை மட்டுமே ஒதுக்க விடும். 70 போட்டு மறுத்தால் 170 போடுங்கள்.

வெளிவாசல்:

மூன்றாவதில் பெயர்தான் குழப்புகிறது. டிவிஆரில் போட்ட நிலையான ஐபி வீட்டுக்குள் செல்லுபடியாகும் எண். வெளியிலிருந்து வர, இணைப்பு நிறுவனம் தரும் பொது ஐபி வேண்டும். உங்களிடம் அது இல்லை. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்டவை. உங்கள் 100.72 அதற்குள்தான் வருகிறது. வெளியிலிருந்து வரும் கோரிக்கை நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும், உங்கள் ரவுட்டரைத் தொடவே தொடாது. போர்ட்டை எத்தனை முறை திருப்பினாலும் பலன் இல்லை.

கட்டணம் கட்டிப் பொது நிலையான ஐபி வாங்கலாம், அல்லது டிவிஆரின் சொந்த கிளவுட் செயலியில் பார்க்கலாம். கேமரா பார்க்க மட்டும் என்றால் செயலி போதும். பொது ஐபி வாங்கினாலும் 8000 போர்ட்டை அப்படியே திறந்து வைக்காதீர்கள். திறந்த கேமரா போர்ட்டுகளைத் தேடும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ரவுட்டரில் விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி) வசதி இருந்தால் அதன் வழியே உள்ளே வாருங்கள்.

செயலிக்குப் போனாலும் டிஎன்எஸ் காலியாக இருந்தால் கிளவுட் சர்வரின் பெயரை டிவிஆரால் தேட முடியாது. முதன்மை டிஎன்எஸ் 192.168.1.1, இரண்டாவது 8.8.8.8 போடுங்கள். கேமரா பதிவின் நேரம் சில நிமிடம் பிசகி ஓடுகிறதா என்றும் பாருங்கள். நேர சர்வரின் பெயர் கிடைக்காததால் அதுவும் நடக்கும்.

மாடிப்படி_கேமரா:

வரம்பைச் சுருக்கினேன், மாடி ரவுட்டரையும் மாற்றினேன், பிரிண்ட் இரண்டு தளத்திலிருந்தும் வருகிறது. பதிவு நேரம் ஏழு நிமிடம் பின்னால் இருந்தது, டிஎன்எஸ் போட்டதும் சரியானது. நன்றி. ஆனால் டிவிஆர் மோதல் மட்டும் இன்னும் வருகிறது. ஏஆர்பியில் 64-க்கு நேராக உள்ள மேக்கில் இரண்டாவது எழுத்து 6.

கேபிள்முடிச்சு:

அந்தப் போன் பழைய குத்தகையை (ரவுட்டர் குறிப்பிட்ட காலத்துக்குத் தந்த முகவரியை) விடாமல் பிடித்திருக்கிறது. வரம்பை மாற்றினாலும், குத்தகைக் காலம் முடியும்வரை தன் கையிலிருக்கும் எண்ணைச் சாதனம் வைத்துக்கொள்ளும். உங்கள் ரவுட்டரில் குத்தகை 86400 விநாடி என்று இருந்தால் ஒரு நாள். ஒவ்வொரு போனிலும் வைஃபையை அணைத்துப் போடுங்கள். அதே முகவரி மறுபடி வந்தால் அந்த நெட்வொர்க்கை ‘மறந்துவிடு’ கொடுத்துப் புதிதாக இணையுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் திரையில் ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’ (ipconfig /release), பிறகு ‘ஐபிகான்ஃபிக் /ரென்யூ’ (ipconfig /renew). எல்லாச் சாதனமும் 100-க்கு மேலே போன பிறகு டிவிஆரின் கேபிளைச் செருகுங்கள்.