மறுமொழி: 'முசாஷி மாகாணம்' என்று எழுதலாமா? குனி, கோரி – தமிழில்

அன்பர்களுக்கு வணக்கம்.

முசாஷி போன்ற பழைய ஜப்பானிய ஆட்சிப் பிரிவான குனிக்கும், அதற்குள் அடங்கிய கோரிக்கும் தன் கட்டுரைக்காக ஒருவர் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். நாலு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று வந்த ஒரு மடல் வாயைத் திறக்க வைத்துவிட்டது.

> மாகாணம் என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் வேறு எதையாவது புரிந்துகொள்வார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு சிற்றிதழுக்கு எழுதியபோது நானே 'முசாஷி மாகாணம்', 'டோக்கியோ மாகாணம்', 'சைத்தாமா மாகாணம்' மூன்றையும் ஒரே பத்தியில் போட்டேன். வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், முசாஷியை மட்டும் காணோமே என்று ஒரு வாசகர் கேட்டு எழுதினார். அவர் மேல் தப்பே இல்லை. இன்றைய ஜப்பானின் 47 ஆட்சிப் பிரிவுகளுக்கும் (பெரும்பாலானவை 'கென்') தமிழ்ப் பத்திரிகைகள் மாகாணம் என்று எழுதி எழுதி அந்தச் சொல்லை அங்கே குடியேற்றிவிட்டன. நிலநடுக்கம் வந்தால் 'புகுஷிமா மாகாணத்தில்' என்றுதான் செய்தி வருகிறது. அதை இனிப் பெயர்க்க முடியாது. ஆகவே அதற்கும் 1,100 ஆண்டு முந்தைய 'குனி'க்கு வேறு சொல் வேண்டும்.

இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதும் இல்லை. முசாஷி என்ற ஒரு குனிக்குள் இன்றைய டோக்கியோவின் பெரும்பகுதி, சைத்தாமாவின் பெரும்பகுதி, கனகாவாவில் கவாசாகியும் யோகோகாமாவின் பெரும்பாகமும் அடக்கம். முசாஷி-கோசுகி என்ற ரயில் நிலையத்தில் இறங்கினால் நாம் நிற்பது டோக்கியோவில் அல்ல, கனகாவாவில். பிற ஊர்களில் இருக்கும் அதே பெயரிலிருந்து வேறுபடுத்திக் காட்ட ரயில்காரர்கள் பழைய குனியின் பெயரை முன்னால் ஒட்டுவது வழக்கம். இதில் ஒரு வேடிக்கை, குனிகளை ஒழித்தோம் என்று யாரும் சட்டம் போட்டதே இல்லை. 1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளைக் கலைத்துக் கென்களை அமைத்தார்கள். குனி கேட்பாரற்றுப் போய், நிலையப் பலகையில் ஒட்டிக்கொண்டது.

அடுத்து, 'நாடு' என்று போட்டால் தேசம் என்று குழம்புவார்கள் என ஒருவர் பயந்திருந்தார். ஜப்பானியரிடமும் இதே குழப்பம் இருக்கிறது. குனி என்றால் தேசமும்தான், முசாஷியும்தான். பேச்சு வழக்கில் 'உங்கள் குனி எது?' என்று கேட்டால் சொந்த ஊர்ப்பக்கத்தைக் கேட்கிறார்கள். நாம் கொங்குநாடு, செட்டிநாடு, பாண்டிநாடு என்று சொல்லும்போது எவரும் கடவுச்சீட்டைத் தேடுவதில்லையே! ஒரு சொல்லின் இரட்டைப் பொருள்கூட இப்படி அப்படியே வந்து உட்கார்வது அபூர்வம். 'முசாஷி நாடு' என்று பெயரோடு சேர்த்து எழுதினால் சிக்கல் இல்லை. தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பழநாடு' என்று வைத்துக்கொள்ளலாம். 927இல் முடிந்த எங்கிஷிகி என்ற சட்டத் தொகுப்பின் கணக்குப்படி 66 பழநாடுகளும், இக்கி, சுஷிமா என்ற இரண்டு தீவுகளும். வாசிக்க உறுத்தவில்லை, எனக்கு.

மண்டலம் வேண்டாம். மாநகராட்சி மண்டலம், மின்வாரிய மண்டலம் என்று அது ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது.

சரி, உண்மையான சண்டை இரண்டாம் அடுக்கில்தான். குனிக்குள் இருப்பது கோரி. சீன ஒலிப்பில் 'குன்'. முசாஷிக்குள் 21 இருந்தன: தாமா, தாச்சிபானா, தோஷிமா, அடாச்சி, சிச்சிபு, கோமா... இங்கே 'வட்டம்' என்று போடலாம் என்கிறார் நண்பர் ஒருவர். வட்டம் என்றதும் நம் ஆட்கள் வட்டாட்சியர் அலுவலகத்தைத் தேடுவார்கள். ஜப்பானில் குன்னுக்கு இருந்த மன்றத்தை 1923இலும் அலுவலகத்தை 1926இலும் எடுத்துவிட்டார்கள். இன்று அது முகவரியில் வரும் ஒரு வரி, அவ்வளவுதான். டோக்கியோவில் நிஷிதாமா என்ற ஒன்றே ஒன்று மிச்சம். அதில் மூன்று சிறுநகரங்களும் ஒரு கிராமமும்.

இந்தக் கோரியை வைத்து ஜப்பானிய வரலாற்றாசிரியர்களே ஒரு பெரிய சொற்சண்டை போட்டிருக்கிறார்கள். நமக்கு அது பாடம். 720இல் முடிந்த நிஹோன் ஷோகி என்ற வரலாற்று நூல், 646இல் வந்ததாக ஓர் அரசாணையைத் தருகிறது. அதில் கோரியை எழுதப் பயன்படுத்திய எழுத்து, பிற்காலத்தில் எல்லோரும் எழுதிய எழுத்து. ஆனால் வேறு சில பழைய பதிவுகளில் அதே ஒலிப்புக்கு வேறொரு எழுத்து இருந்தது. 646இல் எது? பல வருடம் அடித்துக்கொண்டார்கள். 1960களில் ஃபுஜிவாரா அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டியபோது மரச்சீட்டுகள் கிடைத்தன. வரிப்பொருள் மூட்டையில் கட்டி அனுப்பும் சின்னப் பலகைத் துண்டுகள். இன்ன குனி, இன்ன கோரி, இன்ன ஊர் என்று மையால் எழுதியிருக்கும். 701க்கு முந்தைய சீட்டுகளில் எல்லாம் அந்தப் பழைய எழுத்து. நூலை எழுதியவர்கள் தங்கள் காலத்துச் சொல்லை முன்காலத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது மூட்டைச் சீட்டில் அம்பலமானது. முசாஷியை மாகாணம் என்றும் அடாச்சியை மாவட்டம் என்றும் எழுதும்போது நாம் செய்வதும் அதையேதான்.

அப்போ 'கோட்டம்'? நானும் முதலில் அதைத்தான் குறித்து வைத்திருந்தேன். கல்வெட்டு படிக்கும் நம் அன்பர் தடுத்துவிட்டார், நியாயமாகவே. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுக்குள்தான் நாடுகள் இருந்தன. கோட்டம் பெரிது, நாடு சிறிது. குனிக்கு நாடு என்று வைத்துவிட்டு, அதற்குள் கோட்டத்தை வைத்தால் ஏணி தலைகீழாகிவிடும். இது போதாதென்று வருவாய்க் கோட்டமும் இருக்கிறது.

என் வாக்கு 'கூற்றம்'. பாண்டி நாட்டு மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என்று படித்தவர்களுக்கு 'முசாஷி நாட்டு அடாச்சிக் கூற்றம்' நாக்கில் தடையில்லாமல் ஓடும். சோழர் கல்வெட்டுகளில் கூற்றமும் நாடும் ஒரே படியில் நிற்பதுண்டு என்று அதே அன்பர் சொல்வார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாட்டுக்குள் கூற்றம் என்ற வரிசைக்கு நம்மிடம் வழக்கு இருக்கிறது, கூற்றத்துக்குள் நாடு என்பது காதில் விழுந்ததில்லை. (கோரி – கூறு என்று ஒலி ஒப்புமை பிடித்துக்கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ கிளப்பிய விவாதமே நம் குழுவில் வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது.)

கூற்றம் என்றால் கூறு, பங்கு. அது ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஓர் ஓடு காட்டுகிறேன். 741இல் ஷோமு பேரரசர் குனிதோறும் ஒரு துறவியர் மடமும் ஒரு பெண்துறவியர் மடமும் கட்டச் சொன்னார். முசாஷியின் மடம் இருந்த இடம் இன்றைக்கும் கொகுபுன்ஜி என்ற நகரமாக அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அங்கே கிடைத்த கூரை ஓடுகளில் கோரிகளின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. இது இன்னாருடைய பங்கு என்ற கணக்கு. 20 கோரிகளின் பெயர் உண்டு, ஒன்று மட்டும் இல்லை: ஷிராகி. அது 758இல்தான் உண்டானது. கொரியாவின் சில்லா அரசிலிருந்து வந்த 32 துறவிகள், 2 பெண்துறவிகள், 19 ஆண்கள், 21 பெண்கள், ஆக 74 பேரைக் குடியேற்றி அமைத்த கோரி. ஆகவே மடத்தின் ஓட்டுவேலை அதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் காலம் கணிக்கிறார்கள். இருக்கும் இருபது பெயரைவிட இல்லாத ஒரு பெயர் அதிகம் பேசுகிறது.

அதேபோல் 716இல், ஏழு குனிகளில் சிதறியிருந்த, கொரியாவின் பழைய கொகுர்யோ அரசைச் சேர்ந்த மக்கள் 1,799 பேரைக் கொண்டுவந்து கோமா கோரியை அமைத்தார்கள். (கோமா என்பதை மருத்துவமனைக் கோமாவாகப் படிக்காமலிருக்க 'கோமாக் கூற்றம்' என்று சேர்த்தே எழுதுங்கள்.) 1896இல் பக்கத்து இருமாவோடு சேர்க்கும்வரை அது 1,180 வருடம் நிலைத்தது. கேட்டவர் கட்டுரையில் இந்த இரண்டு குடியேற்றங்களும் இல்லை. கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்.

அதிகாரிகளின் பெயருக்கு வருவோம். 'ஆளுநர்' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ராஜ்பவன் வாசனை வருகிறது. குனிக்குத் தலைநகரிலிருந்து சில வருடத் தவணையில் வருகிறவர் கொகுஷி. கோரிக்குத் தலைமை வகிக்கும் குன்ஜி உள்ளூர்ப் பெரிய குடும்பத்தவர், ஆயுள் பதவி. முன்னவரை 'நாட்டதிகாரி', பின்னவரை 'கூற்றத் தலைவர்' என்றால் வெளியூர்க்காரர், உள்ளூர்க்காரர் என்ற வேறுபாடு சொல்லிலேயே தெரிந்துவிடும். அது தெரியாவிட்டால் 938இல் முசாஷியில் நடந்தது விளங்காது. முறையான நாட்டதிகாரி வந்து சேர்வதற்கு முன்பே, பொறுப்பிலிருந்த ஒகியோவும் துணை அதிகாரி மினமோட்டோ நோ சுனெமோட்டோவும் அடாச்சிக்குள் நுழையப் பார்த்தார்கள். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று கூற்றத் தலைவர் தகேஷிபா மறுத்தார். அவர்கள் படையோடு போய் அவர் சொத்தை அள்ளினார்கள். சமரசம் பேச வந்தவர் அந்தப் பக்கத்துப் போர்த்தலைவர் தைரா நோ மசகாடோ. ஒகியோ சமாதானமாகிவிட்டார். சுனெமோட்டோ தனக்கு ஆபத்து என்று பயந்து தலைநகருக்கு ஓடி, ஒகியோவும் மசகாடோவும் கலகம் செய்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். அடுத்த வருடம் மசகாடோ உண்மையாகவே கலகத்தில் இறங்கி, 940இல் கொல்லப்பட்டார்.

கூற்றத் தலைவர்களின் கைவளத்துக்கு இன்னொரு சான்று: முசாஷி மடத்தின் ஏழடுக்குக் கோபுரம் 835இல் இடிவிழுந்து எரிந்தது. அதைத் தன் செலவில் திரும்பக் கட்ட 845இல் அனுமதி கேட்டவர், ஒபுசுமா கோரியின் முன்னாள் தலைவர்.

'தோ' பற்றிச் சுருக்கமாக. குனிகளைத் தொகுத்த ஏழு பெரும்பிரிவுகளுக்கும் தோ, அவற்றூடே ஓடிய சாலைக்கும் தோ. நம்மிடம் ராசகேசரிப் பெருவழி இருக்கிறதே, 'பெருவழி' போதும். முசாஷி 771இல் மலைப் பெருவழியிலிருந்து கடற்கரைப் பெருவழிக்கு மாறியது என்று எழுதலாம். வரிமூட்டையோடு தலைநகருக்குப் போக 29 நாள், வெறுங்கையோடு திரும்ப 15 நாள் என்கிறது எங்கிஷிகி.

கடைசி அடுக்கில் என்னிடம் முடிந்த விடை இல்லை. கோரிக்குள் இருந்தது 50 குடும்பம் கொண்ட 'ரி', பிற்பாடு 'கோ'. ஊர் என்று எழுதக் கை வரவில்லை. ஊர் தானாக வளர்வது, இது அரசு எண்ணி வகுத்தது. 16 முதல் 20 ரி இருந்தால் பெரிய கோரி, இரண்டு மூன்று இருந்தால் சிறியது என்று கோரிக்கே தரம் பிரித்தது இதை வைத்துத்தான். 'ஐம்பது வீடு' என்பதும் சரிவராது. அந்தக் காலப் பதிவேட்டில் ஒரு குடும்பம் என்றால் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் சேர்த்து இருபது பேர் இருப்பது சாதாரணம். அதனால் 'ஐம்பதுகுடி' என்று எழுதிப் பார்த்தேன். மன்னார்குடி, காரைக்குடி என்று ஊர்ப்பெயராகவும் ஒலிக்கிறது, குடும்பம் என்ற பொருளும் கெடவில்லை. ஆனால் 'அடாச்சிக் கூற்றத்து இன்ன ஐம்பதுகுடி' என்று தொடரில் வைத்தால் கொஞ்சம் நொண்டுகிறது. இலங்கை நண்பர்கள் உங்கள் பக்கத்து வழக்கில் இதற்கு ஏதும் சொல் உண்டா என்று பாருங்கள். கட்டுரை அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறதாம்.