1806-ல் பேரரசு போயிற்று, 1852-ல் தபால்தலை எப்படி?

தபால்நேசன்:
தூர்ன் உண்ட் டாக்ஸிஸ் என்ற ஜெர்மன் பிரபுக் குடும்பத்துக்கு 1615-லேயே பேரரசுத் தபால் தலைமை பரம்பரை உரிமையாயிற்று. புனித ரோமானியப் பேரரசு 1806-ல் கலைந்த பிறகும் தபால் அவர்கள் கையில் நின்றது எப்படி? 1852-ல் அவர்கள் வெளியிட்ட தபால்தலைகளில் இருவகை நாணயம் ஏன்?

ஏடகம்:
முழுதாக நிற்கவில்லை. பவேரியா 1808-ல் தபாலைத் தானே எடுத்துக்கொண்டு, ஈடாக 1812-ல் ரேகன்ஸ்பர்க்கின் புனித எம்மெராம் மடத்தைக் கொடுத்தது. அதுவே குடும்பத்தின் அரண்மனை ஆயிற்று. ஹெஸ்ஸே, நாசாவ், துரிங்கியா போன்ற சிறு ஜெர்மன் நாடுகளில் ஒப்பந்தம் போட்டு, பிராங்க்பர்ட்டிலிருந்து தபாலை நடத்தினார்கள். நாடே இல்லாத ஒரு குடும்பம் பல நாடுகளுக்குத் தபால்தலை வெளியிட்டது என்பதுதான் இதில் வியப்பு! 1866-ல் பிரஷ்யப் படை பிராங்க்பர்ட்டைப் பிடித்தது. 1867 ஜூலை 1 முதல் தபால் பிரஷ்யாவுக்கு. ஈடு 30 லட்சம் தாலர்.

முத்திரைப்பெட்டி:
ஜெர்மனியின் வடக்கில் 30 சில்பர்குரோஷன் (சுருக்கமாகக் குரோஷன்) ஒரு தாலர், தெற்கில் 60 குரோய்ட்சர் ஒரு குல்டன். 4 தாலருக்கு 7 குல்டன், ஆகவே ஒரு குரோஷன் மூன்றரை குரோய்ட்சர். ஒரே தலை இரு பக்கமும் செல்லாது.

வாங்குவோர் கவனத்துக்கு: 1852 தலைகள் நிறத்தாளில் கறுப்பு அச்சு, ஓரத்தில் பிரிப்புத் துளையிடாதவை, கத்தரித்தே பிரிக்க வேண்டும். நெருக்கமாக அச்சிட்டதால் நான்கு ஓரமும் முழுமையாகக் கிடைப்பது அரிது. கடைசி வெளியீடுகளில் பயன்படுத்தாதவை மலிவு, அஞ்சலக முத்திரை விழுந்தவை விலை கூடியவை. அதனால் போலி முத்திரை குத்துவார்கள். முத்திரையில் வளையங்களுக்கு நடுவிலுள்ள எண் அஞ்சலகத்தைக் குறிக்கும், பிராங்க்பர்ட் 220. குரோஷன் தலையில் தெற்கு ஊரின் எண் இருந்தால் சந்தேகப்படுங்கள்.