ஒரே பாணியைப் பிடித்துக்கொள்ளும் கட்டடக் கலைஞர்கள்

கேள்வி: ஒவ்வொரு கட்டடத்துக்கும் இடமும் தேவையும் வேறு. அப்படியிருக்க ஒரே வடிவமைப்புக் கொள்கையைக் கடைசிவரை விடாமல் இருப்பதில் என்ன லாபம்?

பதில் 1: சின்ன முடிவுகளில்தான் லாபம் தெரியும். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ நியூயார்க்கில் வடிவமைத்த சீக்ராம் அலுவலகக் கட்டடத்தைப் (1958) பாருங்கள், சன்னல் திரைகூட முழுக்க ஏற்றி, பாதியில், முழுக்க இறக்கி என்று மூன்றே நிலைகளில்தான் நிற்கும், வெளியிலிருந்து முகப்பு கலைந்து தெரியக்கூடாதாம்.

பதில் 2: சரி, ஆனால் அங்கே வெளியே ஓடும் வெண்கலச் சட்டங்கள் கட்டடத்தின் பாரத்தைத் தாங்கவில்லையே! தீப் பாதுகாப்பு விதிக்காக, பாரம் தாங்கும் எஃகைக் கான்கிரீட்டால் மூட வேண்டியிருந்தது, அதனால் 'கட்டமைப்பு வெளியே தெரியட்டும்' என்ற தன் கொள்கையை அந்த வெண்கலச் சட்டங்களை மேலே ஒட்டிக் காப்பாற்றினார் மீஸ்.

பதில் 3: இதற்கு எதிர்மாறாக, ஏரோ சாரினென் என்ற கட்டடக் கலைஞர் வேலைக்கு வேலை பாணியை மாற்றியவர், அதற்காகத் திட்டும் வாங்கினார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அவர் வடிவமைத்த பெரிய நினைவு வளைவையும் அவருடைய நியூயார்க் விமான முனையத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் வரைந்தது என்று தோன்றாது. எனக்கு இரண்டுமே பிடிக்கும்.