சென்னை ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், சிங்கப்பூரிலும் சொல்லிவிடலாமா?

அடையாறுவாசி:
ஓஎம்ஆரில் ஐடி வேலை. நான் கே (தன்பாலின ஈர்ப்பாளன்) என்பது டீமில் எல்லோருக்கும் தெரியும், தன்பாலினர் பெருமை மாதமான ஜூனில் வானவில் கேக் வெட்ட என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். இப்போது சிங்கப்பூருக்கு இரண்டு வருடம் போகச் சொல்கிறார்கள், நடுநடுவே துபாய் கிளையன்ட் வேலையும் உண்டாம். பார்ட்னரைக் கூட்டிப் போக முடியுமா? புது டீமில் முதலிலேயே சொல்லிவிடுவதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா? வீட்டில் அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

செங்காங் தமிழன்:
சிங்கப்பூரில் போலீஸ் பயம் வேண்டாம் தம்பி, ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு 2023 ஜனவரியோடு போய்விட்டது. ஆனால் அதை எடுத்த கையோடு அரசியல் சட்டத்தையும் திருத்தி, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்பதைக் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். அதனால் கணவன் மனைவியைக் கூட்டிவரக் கொடுக்கும் டிபென்டன்ட் பாஸ் கிடைக்காது, பார்ட்னர் தனியாக வேலை தேடித்தான் வரவேண்டும். 2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டத்தில் வயது, இனம், மதம், கர்ப்பம், மனநலம் எல்லாம் இருக்கிறது, பாலின ஈர்ப்பை மட்டும் காணோம்.

ஆபீசில் சீன, மலாய் ஆட்களிடம் சொல்வதில் எனக்கு எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. நம்மவர்கள்தான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பிரியாணிக்கு உட்கார்ந்தாலே எந்த ஊர், யார் பிள்ளை என்று ஆரம்பித்து பெரியப்பா வரை போய்விடுவார்கள், மதியம் அங்கே பேசியது ராத்திரிக்குள் மன்னார்குடி வாட்ஸ்அப்பில் இருக்கும். அப்பாவுக்கு நீங்களே சொல்லப்போகிறீர்களா என்று முடிவெடுத்துவிட்டு அப்புறம் டீமைப் பற்றி யோசியுங்கள்.

பாலைவனப்பூனை:
துபாயை இதோடு சேர்க்காதீர்கள், அங்கே இன்னும் குற்றம்தான். லண்டனிலிருந்து வரும் வெள்ளைக்காரர் தைரியமாகப் பேசுகிறார் என்று நாமும் பேசினால், மாட்டினால் அவருக்குக் கிடைக்கும் ஆதரவு நமக்குக் கிடைக்குமா என்பது வேறு கதை. இமெயில் கையெழுத்தில் வானவில் இருந்தால் எடுங்கள், லிங்க்ட்இன்னையும் பாருங்கள், டேட்டிங் ஆப்பை நீக்கிவிட்டு விமானம் ஏறுங்கள். மறுக்க முடிந்தால் இன்னும் நல்லது. "குடும்பக் காரணம்" என்று சொல்லுங்கள், யாரும் துருவ மாட்டார்கள்.

ஹெச்ஆர் அக்கா:
கிளம்பும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே பார்ட்னர் பெயரை நாமினியாகவோ மெடிக்ளெய்மிலோ கொடுத்திருந்தால், அந்த விவரம் வெளிநாட்டுக் கிளையின் கண்ணுக்கும் தெரியுமா? பல கம்பெனிகளில் ஒரே சாஃப்ட்வேர்தான். நீங்கள் சொல்லாமலே அது சொல்லிவிடும்.

சென்னையையும் ரொம்ப நம்பவேண்டாம். 2018ல் சுப்ரீம் கோர்ட் நம் நாட்டு 377ஆவது பிரிவைத் தளர்த்தியதால் குற்றவாளி இல்லை என்றானது, அவ்வளவுதான். 2023 அக்டோபரில் அதே கோர்ட்டில் திருமண உரிமை கிடைக்கவில்லை. 2019ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது, ஆனால் அது திருநர்களுக்கு மட்டும். தனியார் கம்பெனியில் கே ஊழியரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் கம்பெனியின் சொந்த விதிகளும் நல்ல மேனேஜரும்தான், அந்த மேனேஜர் உங்களோடு சிங்கப்பூர் வரமாட்டார்.

அடையாறுவாசி:
நன்றி அக்கா, நாமினி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. துபாய் வேண்டாம் என்று இன்றே மெயில் போடுகிறேன். செங்காங் அண்ணா, பார்ட்னர் அக்கவுன்டன்ட், அங்கே அவருக்கு வேலை கிடைக்குமா?

செங்காங் தமிழன்:
கிடைக்கலாம், ஆனால் வேலை உறுதியான பிறகு வரச் சொல்லுங்கள். வாடகை கேட்டால் மயக்கம் வரும்.