ஏஜென்சியில் சேர்ந்தவனைக் கம்பெனி ரோலில் எடுப்பார்களா?

திருமங்கலத்தான்:
மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி, இருநூறு பேருக்கு மேல் வேலை. நான் ஏஜென்சி மூலம் வந்த ஆபரேட்டர். ‘ஆறு மாதத்தில் கம்பெனி ரோல்’, அதாவது கம்பெனியின் நேரடி ஆள் ஆகிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். ரெண்டு வருஷம் ஆகப் போகிறது. ஹெச்.ஆரிடம் கேட்டால் ஏஜென்சியைக் கை காட்டுகிறார், ஏஜென்சிக்காரர் ஹெச்.ஆரைக் கை காட்டுகிறார். இப்போது, ‘பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டு வேறு ஏஜென்சி பெயரில் வந்து சேர்’ என்கிறார்கள். சேரலாமா? பெண் பார்க்கப் போகிற இடத்தில் எல்லாம் பெர்மனென்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

புதூர்க்காரி:
கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வையுங்கள் அண்ணா. அவர்கள் நடத்தும் தனியார் முகாமில் கம்பெனிக்காரர்களே நேரில் வந்து ஆள் எடுப்பார்கள், கமிஷன் தொல்லை இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

பழைய செட்டர்:
தம்பி, அந்தப் பத்து நாள் சும்மா இல்லை. தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். அந்தக் கணக்கைக் குழப்பத்தான் இந்த பிரேக், புதுப் பெயர் எல்லாம். ராஜினாமா என்று எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. வெள்ளைத் தாளில் கையெழுத்து அறவே கூடாது.

நீ போய்க் கேட்டால், ‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்பார்கள். அதனால் உன்னை வேலை வாங்கியது யார் என்று காட்ட காகிதம் வேண்டும். கேட் பாஸ், ஷிப்ட் போட்ட சார்ட், நீ கையெழுத்துப் போடும் புரொடக்‌ஷன் ஷீட், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வை. உமங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பார்; விலகிய தேதி ஏதும் ஏற்றிவிட்டார்களா என்பதை பி.எஃப். மெம்பர் போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியில் பார். தொழிற்சாலை ஆய்வாளரிடம் மனு கொடுக்க இதெல்லாம் உதவும்.

நான் ரோலுக்குப் போனது சட்டத்தால் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைட் ஷிப்டில் மோல்டு (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு) மாற்ற ஆள் இல்லாமல் மெஷின் விடிய விடிய நிற்கும். செயின் பிளாக்கில் மோல்டைத் தூக்கி, தண்ணீர் ஹோஸ் மாட்டி, முதல் பீஸ் சரியாக வரும்வரை பிரஷர் பார்க்கிற வேலையை ஒரு செட்டர் அண்ணன் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். அப்புறம் மெயின்டனன்ஸ் மேனேஜரே எனக்காகப் பேசினார். பொத்தான் அமுக்குகிறவனுக்கு மாற்று ஆள் வாசலிலேயே நிற்கிறான். ஏஜென்சிக்காரர் வாக்குறுதியை அன்றைக்கே மறந்துவிட வேண்டும், அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு வருகிறவரை உன்னை எதற்கு விடப் போகிறார்?

திருமங்கலத்தான்:
நன்றி அண்ணே. இன்னும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னோடு சேர்ந்த நாலைந்து பேருக்கும் இதே கதைதான்.

பழைய செட்டர்:
அப்படியானால் தனியாகப் போகாதே, அவர்களையும் கூட்டிக்கொண்டு போ. பிரேக் எடுக்கச் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழித்துவிடாதே.